64 தண்டனைகளும் ஒரு லைசென்ஸும்

இன்றைக்குக் குதிரைப் பந்தயம். ஆனால் எந்தக் குதிரை ஜெயித்தது என்கிற கதை இல்லை. ஃபார்ம் நிரப்புகிற கதை, அபராத ரசீது கதை. "இதுல என்னப்பா வரலாறு இருக்கு"ன்னு நீங்க ஹெட்ஃபோனைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறேன்.

2011 அக்டோபர் 12. நியூயார்க் மாநிலத்தின் ரேஸ் வாரியம், ரிக் டட்ரோ என்கிற குதிரைப் பயிற்சியாளரின் லைசென்ஸை ரத்து செய்கிறது. 10 வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவே கூடாது. கூடவே 50,000 டாலர் அபராதம். இந்த மனிதர் யாரோ எவரோ இல்லை. மூன்றே வருஷத்துக்கு முன்னால், 2008-ல், பிக் பிரவுன் என்ற குதிரையை வைத்து கென்டக்கி டெர்பியையும் ப்ரீக்னெஸையும் ஜெயித்தவர். அமெரிக்காவில் குதிரையையே பார்க்காதவர்களுக்கும் அந்த இரண்டு பந்தயங்களின் பெயர் தெரியும்.

அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு என்ன? 2010 நவம்பர் 3-ஆம் தேதி, அக்விடக்ட் பந்தய மைதானத்தில் அவருடைய லாயத்தில் சோதனை போட்டபோது, மேஜை டிராயரில் ஊசிகளும் சிரிஞ்சுகளும் கிடைத்தன. சிலவற்றில் சைலசின் என்ற மயக்க மருந்து இருந்தது. பயிற்சியாளர் தன் லாயத்தில் ஊசி வைத்திருக்கவே கூடாது. அது கால்நடை மருத்துவரின் வேலை. அடுத்து, நவம்பர் 20. அவர் பயிற்சி கொடுத்த ஃபாஸ்டஸ் காக்டஸ் என்ற குதிரை ஒரு ரேஸ் ஜெயித்தது. அதன் மாதிரியில் பியூட்டார்ஃபனால் என்ற வலி நிவாரணி இருந்தது. சிரிஞ்சுகள் தன்னுடையவை இல்லை என்று டட்ரோ கடைசிவரை சொன்னார்.

இந்த இரண்டுக்கும் சேர்த்து மைதானத்தின் அதிகாரிகள், ஸ்டூவர்டுகள் என்று சொல்வார்கள், 2011 பிப்ரவரியில் விதித்தது 90 நாள் தடை. அதே வருஷம் அக்டோபரில் அது 10 வருஷம். 90 நாள் எப்படி 10 வருஷம் ஆச்சு? இந்த எபிசோடு முழுக்க அந்தக் கேள்விதான்.

அதுக்குக் கொஞ்சம் பின்னால போகணும். குதிரைப் பந்தயத்தில் ஒருவரை வெளியேற்றும் அதிகாரம் முதலில் அரசாங்கத்திடம் இல்லை, ஒரு கிளப்பிடம் இருந்தது. இங்கிலாந்தின் ஜாக்கி கிளப். 1791-ல் சாம் சிஃப்னி என்ற ஜாக்கி, வேல்ஸ் இளவரசரின் எஸ்கேப் என்ற குதிரையை ஒரு நாள் வேண்டுமென்றே தோற்கவிட்டு, மறுநாள் நல்ல விலைக்கு ஜெயிக்க வைத்தார் என்று சந்தேகம் எழுந்தது. கிளப் இளவரசரிடமே போய்ச் சொன்னது: சிஃப்னியைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் உங்கள் குதிரையோடு எந்தக் கனவானும் தன் குதிரையை ஓட்ட மாட்டார். இளவரசர் நியூமார்க்கெட்டை விட்டே விலகினார். அப்பீல், வக்கீல் எதுவும் கிடையாது. வருங்கால ராஜாவையே ஒரு கிளப் வாசலைக் காட்டி அனுப்பிய காலம்.

1894-ல் நியூயார்க்கில் அதே பெயரில், அதே தோரணையில் ஒரு ஜாக்கி கிளப் தொடங்கினார்கள். பிறகு சட்டமே லைசென்ஸ் கொடுக்கும் வேலையை அந்தக் கிளப்பிடம் ஒப்படைத்தது. இது 1951 வரை ஓடியது. ஜூல் ஃபிங்க் என்ற குதிரை உரிமையாளர், சூதாட்டத் தரகர்களோடு பழகுகிறார் என்று காரணம் சொல்லி கிளப் அவருக்கு லைசென்ஸ் மறுத்தது. அவர் வழக்குப் போட்டார். ஒருவருடைய பிழைப்பை ஒரு தனியார் சங்கம் முடிவு செய்ய முடியாது, அது அரசின் வேலை என்று நியூயார்க்கின் உச்ச அப்பீல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, கதவு கிளப்பிடமிருந்து அரசாங்கத்திடம் வந்தது. அரசாங்கம் என்று வந்துவிட்டால் விதிமுறை வரும், விசாரணை வரும், அப்பீல் வரும்.

அடுத்த திருப்பம் 1976. மான்டிசெல்லோ என்ற ஊரில் ஹார்னஸ் ரேஸ், அதாவது குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கரச் சின்ன வண்டி பூட்டி ஓட்டுவது. ஜான் பார்ச்சி என்ற பயிற்சியாளரின் குதிரை இரண்டாவதாக வந்தது. பரிசோதனையில் மருந்து. "எனக்குத் தெரியாது" என்றார் பார்ச்சி. இரண்டு முறை பொய் கண்டறியும் சோதனைக்கும் உட்கார்ந்தார், இரண்டும் அவருக்குச் சாதகம். ஆனாலும் 15 நாள் தடை. ஏனென்றால் விதி அப்படி: குதிரையின் உடம்பில் என்ன இருந்தாலும் பயிற்சியாளர் பொறுப்பு என்றுதான் ஆரம்பம். யார் ஊசி போட்டார் என்று குதிரை வந்து சாட்சி சொல்லாது இல்லையா? அதனால் யாராவது ஒருவர் தலையில் பொறுப்பைக் கட்டியாக வேண்டும்.

பார்ச்சி கேட்ட கேள்வி வேறு. "நான் அப்பீல் செய்தால் விசாரணை முடிவதற்குள் 15 நாள் தடை முடிந்தே போய்விடும். அப்புறம் அப்பீல் எதற்கு?" வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979-ல் தீர்ப்பு. லைசென்ஸ் என்பது அவருடைய சொத்து மாதிரி. சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தால் உடனே தடை போடலாம், ஆனால் அதன் பிறகு தாமதமில்லாமல் விசாரணை நடக்க வேண்டும். எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும். 15 நாள் என்பது வாரியத்துக்குச் சின்ன விஷயம், லாயத்தில் சம்பளம் கொடுக்க வேண்டியவருக்கு அப்படி இல்லை.

சரி, டட்ரோவுக்கு வரலாம். 1959-ல் பிறந்தவர். அப்பாவும் மேரிலாந்தில் பெயர் பெற்ற பயிற்சியாளர். 2005-ல் செயின்ட் லியம் என்ற குதிரையை வைத்து பிரீடர்ஸ் கப் கிளாசிக் ஜெயித்தார். அந்தக் குதிரைக்கு ஆண்டின் சிறந்த குதிரை பட்டமும் கிடைத்தது. திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வருஷமே மருந்து விதிமீறல்களுக்காக 60 நாள் தடையிலும் இருந்தார்.

தடை என்றால் வீட்டில் உட்காருவது என்று நினைப்போம். அங்கேதான் இந்தத் தொழிலின் வேடிக்கை. பயிற்சியாளர் தடையில் இருக்கும்போது குதிரைகள் உதவியாளர் பெயரிலோ இன்னொரு பயிற்சியாளர் பெயரிலோ ஓடும். லாயம் அதே, தீவனம் அதே, புரோகிராம் புத்தகத்தில் பெயர் மட்டும் வேறே. 2005-ல் வைல்ட் டெசர்ட் என்ற குதிரை கனடாவின் குயின்ஸ் பிளேட் பந்தயத்தை ஜெயித்தபோது, பயிற்சியாளர் என்று போட்டிருந்த பெயர் பாபி ஃபிராங்கல். அந்தத் தடைக் காலத்தில் தன் லாயத்தோடு தொடர்பு வைத்திருந்தார், அந்தக் குதிரையின் பயிற்சி ஓட்டம் பற்றித் தவறான தகவல் கொடுத்தார் என்று 2007-ல் டட்ரோவுக்கு 14 நாள் தடையும் 25,000 டாலர் அபராதமும் விதித்தார்கள்.

பயிற்சி ஓட்டத்தைத் தப்பாச் சொன்னா என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பந்தயம் கட்டுகிறவரின் இடத்திலிருந்து பாருங்க. இந்தக் குதிரை போன வாரம் எங்கே ஓடியது, எத்தனை வினாடியில் ஓடியது, ஓடியதா இல்லையா, இதெல்லாம் அவருக்குத் தெரிய ஒரே வழி அச்சில் வரும் அந்த ஒரு வரி. அதை நம்பித்தான் பணத்தை வைக்கிறார். அந்த வரி தப்பு என்றால், லாயத்தில் உள்ளவர்களுக்கு ஒரு ரேஸ், வெளியே நிற்பவருக்கு வேறொரு ரேஸ்.

பிறப்புப் பத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குதிரையின் பதிவுப் பத்திரமும் ரேஸுக்கு முன்னால் மைதான அலுவலகத்தில் இருக்க வேண்டும். "ஒரு காகிதம் லேட்டானா என்ன?" 1977 செப்டம்பர் 23-ஐப் பார்த்தால் தெரியும். நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க். லெபோன் என்ற உருகுவே குதிரை, யாரும் சீண்டாத குதிரை, 57-க்கு 1 என்ற விலையில் ஜெயித்தது. 2 டாலர் டிக்கெட்டுக்கு 116 டாலர். அதன் மேல் பணம் கட்டி சுமார் 80,000 டாலர் வாங்கிப்போனவர் மார்க் ஜெரார்ட், புகழ்பெற்ற செக்ரட்டேரியட் குதிரைக்கே வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர். உருகுவேயில் வெற்றிப் படத்தைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்: இது லெபோன் இல்லை, சின்சானோ என்ற அருமையான ஓட்டக்காரன். கணக்குப்படி அந்தச் சின்சானோ மண்டை உடைந்து செத்துப்போயிருந்தது, அதன் பேரில் இன்சூரன்ஸ் பணமும் கொடுத்தாயிற்று. செத்தது லெபோன். ஜெரார்டுக்குச் சிறை. மொத்த மோசடியும் இரண்டு குதிரைகளின் அடையாளத்தை மாற்றியதில்தான் நடந்தது.

அதனால்தான் ரேஸில் ஃபார்ம், பத்திரம், பதிவேடு எல்லாம் வெறும் ஆபீஸ் சமாச்சாரம் இல்லை. லாயத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே சொல்ல அதைத் தவிர வேறு வாய் கிடையாது.

டட்ரோவின் பெயரில் எவ்வளவு சேர்ந்திருந்தது? பல மாநில ரேஸ் கமிஷன்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் இருக்கிறது, சுருக்கமாக ஆர்.சி.ஐ. அவர்கள் கணக்குப்படி குறைந்தது 64 தண்டனைகள். 9 மாநிலங்கள், 15 மைதானங்கள். மருந்து விதிமீறல் உண்டு, லைசென்ஸ் விண்ணப்பத்தில் தப்பான தகவல் கொடுத்தது உண்டு, வேறு சில்லறை மீறல்களும் உண்டு. எல்லாம் ஒரே எடை இல்லை. ஆனால் இதில் பெரும்பாலானவற்றுக்கு அபராதம், அல்லது சில நாள் தடை. கட்டினார், மறுபடி வந்தார்.

இது நமக்குத் தெரிந்த விஷயம்தானே. ஹெல்மெட் இல்லாமல் மாட்டுகிறோம், அபராதம் கட்டுகிறோம், அடுத்த சிக்னல் வரைக்கும்கூட ஹெல்மெட் போடுவதில்லை. ஒரு கட்டத்தில் அது தண்டனை இல்லை, டோல் கட்டணம். கோடிக்கணக்கில் பரிசுப் பணம் புரளும் லாயத்துக்கு 500, 1,000 டாலர் அபராதம் என்றால் டீச் செலவு. இதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறே, பதிவேடு வேறே. ஒரு மாநிலம் பார்ப்பது தன் ஊரில் நடந்த ஒன்றை மட்டும். ஒன்பது மாநிலங்களின் கணக்கையும் ஒரே தாளில் கூட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கூட்டிப் பார்க்க வைத்தது 2008. பிக் பிரவுனுக்கு மாதாமாதம் 15-ஆம் தேதி ஸ்டனசோலால் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறேன் என்று டட்ரோ வெளிப்படையாகச் சொன்னார். அன்றைக்கு அது அந்த மாநிலங்களில் சட்டப்படி சரி! அதே டெர்பியில் இரண்டாவதாக வந்த எய்ட் பெல்ஸ் என்ற பெண் குதிரை, இலக்கைத் தாண்டியதும் முன்னங்கால் இரண்டும் முறிந்து விழுந்தது. மைதானத்திலேயே அதைக் கருணைக்கொலை செய்தார்கள். அந்தக் குதிரைக்கும் டட்ரோவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நாடே ரேஸைத் திரும்பிப் பார்த்தது, ஜெயித்தவரின் பழைய கணக்கையும் பார்த்தது. ஜூனில் பெல்மான்ட் பந்தயம். அதையும் ஜெயித்தால் மும்முடி. பிக் பிரவுன் கடைசியாக வந்தது. சில நாளில் அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு விசாரணை வைத்தார்கள். அழைத்திருந்தும் டட்ரோ போகவில்லை, உடம்பு சரியில்லை என்றார்.

இப்போது 2011-க்குத் திரும்புவோம். 90 நாள் தடை வந்ததும் டட்ரோ வழக்கம்போல அப்பீல் செய்தார். அதே பிப்ரவரியில் ஆர்.சி.ஐ. தலைவர் எட் மார்ட்டின் நியூயார்க் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார்: இந்த மனிதருக்கு லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். 64 என்ற எண் அப்போதுதான் மேஜைக்கு வருகிறது. ஏப்ரலில் கென்டக்கி, டெர்பி ஜெயித்த அதே மாநிலம், அவருக்கு லைசென்ஸ் மறுத்தது. அக்டோபரில் நியூயார்க்கின் முடிவு.

டட்ரோ தரப்பின் வாதத்தில் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. நியூயார்க் வாரியத்தின் தலைவர் ஜான் சபீனி, அந்த ஆர்.சி.ஐ.யிலும் பொறுப்பில் இருந்தவர். புகார் சொன்ன சங்கத்தின் நிர்வாகியே தீர்ப்புச் சொல்லும் நாற்காலியிலும் உட்காரலாமா? 2012-ல் அப்பீல் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அவ்வளவு நீண்ட கடந்த காலத்தைப் பார்க்கும்போது தண்டனை நியாய உணர்வை அதிரவைக்கும் அளவுக்கு இல்லை என்றது. 2013 ஜனவரியில் மாநிலத்தின் உச்ச அப்பீல் நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அந்த மாதம்தான் தடை நிஜமாகவே தொடங்கியது. இடைப்பட்ட 15 மாதமும் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையுத்தரவு கையில் இருந்ததால் அவர் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தார். 15 நாளைக்குள் நியாயம் கிடைக்காமல் பார்ச்சி தவித்தார். டட்ரோவுக்கு அதே அப்பீல் 15 மாதம் சம்பாதித்துக் கொடுத்தது.

என் கருத்தைக் கேட்டால், நான் இதைப் படிக்கும்போது இரண்டு முறை கட்சி மாறினேன். முதலில், ஒரு வலி நிவாரணிக்கும் சிரிஞ்சுக்கும் 10 வருஷமா, அநியாயம் என்று தோன்றியது. பட்டியலைப் பார்த்ததும், இவ்வளவு நாள் எப்படி விட்டார்கள் என்று கோபம் வந்தது. இப்போது என் கோபம் பாதி டட்ரோ மேல், பாதி அந்த ஒன்பது மாநிலங்கள் மேல். 10-வது மீறலில் 6 மாதம், 20-வதில் 2 வருஷம் என்று படிப்படியாக ஏற்றியிருந்தால், ஒன்று அவர் திருந்தியிருப்பார், இல்லை என்றோ வெளியே போயிருப்பார். அதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் சில்லறை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கேமரா வந்து நின்ற பிறகு மொத்தக் கடனையும் வட்டியோடு ஒரே நாளில் கேட்டார்கள். தண்டனை தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாரியம் அன்றைக்கு நீதிபதியாக மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த 64-ல் அதன் கையெழுத்தும் இருந்தது. நடுவில் ஓடிய குதிரைகள் எத்தனை, டிக்கெட் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு அப்பீலும் இல்லை, ரீஃபண்டும் இல்லை.

இதற்குப் பிறகுதான் ஆர்.சி.ஐ. புள்ளி முறையை முன்வைத்தது. ஒவ்வொரு மருந்து விதிமீறலுக்கும் பயிற்சியாளர் பெயரில் புள்ளி ஏறும், எந்த மாநிலத்தில் நடந்தாலும் ஒரே கணக்கில் சேரும், குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் கூடுதல் தடை தானாக வரும். நல்ல யோசனை. ஆனால் ஏற்பதா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம், பத்திரம், பதிவேடு பக்கம் அது வரவும் இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று ஒரு சட்டம் வர 2020 டிசம்பர் ஆனது. அதன்படி இப்போது குதிரைக்குக் கொடுக்கும் சிகிச்சை ஒவ்வொன்றையும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும்.

டட்ரோ 53 வயதில் வெளியே போனார், 63 வயதில் திரும்ப வந்தார். 2023-ல் நியூயார்க் மறுபடி லைசென்ஸ் கொடுத்தது. கையில் நாலைந்து குதிரைதான் இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்: அந்த ஆகஸ்டில் வைட் அபாரியோ என்ற குதிரையோடு சரடோகாவில் விட்னி பந்தயம், நவம்பர் 4-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் சான்டா அனிடாவில் பிரீடர்ஸ் கப் கிளாசிக். 18 வருஷத்துக்கு முன்னால் செயின்ட் லியமோடு ஜெயித்த அதே கோப்பை.

புதிய சட்டத்தின் கீழ் வரும் தண்டனைகளை இப்போது இணையத்தில் போடுகிறார்கள். பயிற்சியாளர் பெயர், தேதி, என்ன மீறல், எவ்வளவு அபராதம், எல்லாம் இருக்கும். சிகிச்சைப் பதிவை லேட்டாக ஏற்றியதற்குச் சில நூறு டாலர் அபராதம் என்றாலும் அதையும் நீங்களே பார்க்கலாம். லாகின் தேவையில்லை.